பன்னீர் திராட்சையின் சொந்தக்காரர்கள்

மத்தியதரைக் கடல் தீவுகளில் விடுமுறை என்றதும் பயண நிறுவனங்கள் எல்லோர் கையிலும் ஒரே பட்டியலைத்தான் கொடுக்கின்றன. சாந்தோரினியின் வெள்ளை வீடுகள், காப்ரியின் நீலக் குகை, மயோர்க்காவின் மணல். படம் பிடிக்க நல்ல இடங்கள், மறுக்கவில்லை. தேனிப் பக்கம் ராயப்பன்பட்டியில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல் நிழலில் வளர்ந்த என்னைப் போன்றவனுக்கு அந்தப் பட்டியல் போதவில்லை. எனக்கு வழிகாட்டியது திராட்சையின் வம்சாவளி.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்ற பெயரில் அறியும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஒட்டு ரகம் அது. தாய், ஜெர்மனியில் திரோலிங்கர் என்றும் இங்கிலாந்தில் பிளாக் ஹாம்பர்க் என்றும் அழைக்கப்படும் கறுப்புத் திராட்சை. தகப்பன், மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற வெள்ளைத் திராட்சை. வாயில் போட்டதும் எழும் அந்தப் பன்னீர் வாசம் தகப்பன் வழிச் சொத்து. அந்தத் தகப்பன் சிபிப்போ என்ற பெயரில் சிசிலியைச் சேர்ந்த பாந்தெல்லெரியா என்ற குட்டித் தீவில் இன்றும் விளைகிறது. பன்னீர் திராட்சைக்கு ஒரு பிள்ளையும் உண்டு: 1911இல் பிரோவானோ என்ற இத்தாலிய ஒட்டுக்கலைஞர், பிக்கான் என்ற ரகத்தோடு மஸ்கட் ஹாம்பர்க்கின் மகரந்தத்தைச் சேர்த்து உருவாக்கிய 'இத்தாலியா'. அது சிசிலியின் நடுப்பகுதியில் கனிகாத்தி என்ற ஊரைச் சுற்றி, நம் ஊரைப் போலவே பந்தலில் தொங்குகிறது.

தகப்பனும் பிள்ளையும் ஒரே தீவுக்கூட்டத்தில் இருக்கும்போது வேறெங்கே போவது? சிசிலிக்குப் போனேன். மத்தியதரைக் கடலின் ஆகப் பெரிய தீவு அது. பரப்பளவில் தமிழ்நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே விடுமுறையில் முழுக்கப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பேருந்து ஜன்னலைத்தான் முழுக்கப் பார்த்துத் திரும்புவார்கள். ஆகவே இது என் தேர்வு. விட்டதும் சேர்த்ததும் என் பொறுப்பு.

விமானத்தில் நேரே பலெர்மோவில் இறங்கலாம். ஆனால் நேரம் இருந்தால் ரோமிலிருந்து இரவு ரயிலில் போங்கள். இத்தாலியின் தெற்கு முனையில் வில்லா சான் ஜொவான்னி என்ற இடத்தில் ரயில் நிற்கும். பெட்டிகளைத் துண்டு துண்டாகக் கழற்றி, தண்டவாளம் பதித்த கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். நீங்கள் படுக்கையில் கிடக்க, ரயில் கடலைக் கடக்கும். நீரிணையின் மிகக் குறுகிய இடம் சுமார் 3 கிலோமீட்டர்தான். விழித்திருப்பவர்கள் மேல்தளத்துக்கு ஏறிப்போய், சோற்றுக்குள் கறியும் பாலாடைக்கட்டியும் வைத்து உருட்டிப் பொரித்த அரஞ்சீனியைச் சாப்பிட்டபடி மறுகரையில் மெசினா நகரின் விளக்குகளைப் பார்க்கலாம். எழும்பூரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறித் தலைமன்னார் போன போட் மெயில் பயணத்தை, 1964 புயலுக்கு முன் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கப்பல் புரியும். நீரிணைக்குக் குறுக்கே பாலம் கட்டும் பேச்சு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பாலம் வந்தால் இந்த வேடிக்கை போய்விடும், அதற்குள் பார்த்துவிடுவது நல்லது.

பலெர்மோவின் விமான நிலையத்துக்கு ஃபல்கோனே, போர்செல்லினோ என்ற இரண்டு நீதிபதிகளின் பெயர். மாஃபியா வழக்குகளை நடத்தியதற்காக 1992 மே மாதம் ஒருவரும் ஜூலையில் மற்றவரும் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் நெடுஞ்சாலையில், கபாச்சி என்ற இடத்தில், ஃபல்கோனேயின் கார் தூக்கி எறியப்பட்ட இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. 'காட்ஃபாதர்' படம் எடுத்த சவோக்கா கிராமத்துக்குக் கூட்டிப்போகும் சுற்றுலாக்களும் உண்டு. அந்தக் காசுக்கு பலெர்மோவில் நல்ல சாப்பாடு சாப்பிடலாம் என்பது என் கருத்து. 2004இல் தொடங்கிய 'அத்தியோபீட்சோ' இயக்கத்தின் ஒட்டுவில்லை கதவில் இருந்தால், மாமூல் கொடுக்க மறுத்த கடை என்று பொருள். அப்படிப்பட்ட கடையாகப் பார்த்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லது.

நகரில் முதலில் பல்லரோ சந்தை. அரபு ஆட்சிக் காலத்திலிருந்து அதே சந்துகளில் நடக்கிற சந்தை என்கிறார்கள். வாள்மீனின் தலையை மூக்கு மேலே பார்க்க நிறுத்திவைத்திருப்பார்கள். கூவி விற்கும் சத்தத்தில் நம் காது சும்மா இருக்காது. திடீரென்று அந்தச் சத்தத்துக்கு நடுவே, "அண்ணை, கறிவேப்பிலை வந்திட்டுதோ?" என்று கேட்கும். 1980களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்த நகரில் வாழ்கிறார்கள். பலெர்மோக்காரர்களின் வீட்டு வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று தொடங்கியவர்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் சிசிலி வட்டார மொழியிலேயே சண்டை போடுகிறார்கள். சந்தைக்குள் 'பனெல்லே' கேளுங்கள். கொண்டைக்கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, தகடாக வெட்டிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் சிசிலியில் பட்டினி கிடக்கத் தேவையில்லை: பனெல்லே, கத்திரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கும் கப்பொனாத்தா, கத்திரிக்காய் வறுத்துப் போட்ட நோர்மா பாஸ்தா என்று நாட்கள் ஓடிவிடும்.

நகரின் பழைய அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலத்தீனா என்ற சிற்றாலயத்தைத் தவறவிடாதீர்கள். 1072இல் பலெர்மோவை அரபுகளிடமிருந்து பிடித்த நார்மன் வம்சத்தில் வந்த இரண்டாம் ரோஜர் கட்டிய கோயில், 1140இல் அர்ச்சிக்கப்பட்டது. சுவரெல்லாம் பொன் பதித்த பைசாந்தியக் கல்லோவியம். கூரையோ அரபு மரபில் செய்த தேன்கூட்டு வடிவ மரவேலை. கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டே இருந்தால் குடிக்கிறவர்கள், யாழ் மீட்டுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிற இருவர் எல்லாம் சின்னச் சின்னச் சித்திரங்களாகத் தெரிவார்கள். நம் நாட்டில் பிறந்த ஆட்டம் பாரசீகம், அரபு வழியாகப் போய், கிறிஸ்தவ அரசன் பூசை காணும் கோயிலின் கூரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆடுகிறவர்கள் தலைப்பாகை கட்டியிருக்கிறார்கள், ரோஜருக்கு அதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. இதே அரசனுக்காகத்தான் அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் 1154இல் உலகப் படங்களோடு ஒரு நூலை முடித்துக்கொடுத்தார். அதில் தெற்கு மேலே இருக்கும், இலங்கையும் உண்டு.

அருகிலேயே மலைமேல் மொன்ரியாலே பேராலயம். 6,000 சதுர மீட்டருக்கு மேல் கல்லோவியம், இரண்டிரண்டாக நிற்கும் 228 தூண்கள் சூழ்ந்த முற்றம். பிரமாண்டம்தான். எனக்கு ரோஜரின் சின்னக் கோயிலே போதும்.

பலெர்மோவில் நான் அதிக நேரம் இருந்தது வேறிடத்தில். நகரின் வடக்கே கடலை ஒட்டி எழுந்து நிற்கும் மொன்தே பெல்லெக்ரீனோ, சுமார் 600 மீட்டர் உயரம். மேகமலையின் அடிவாரத்தில் பிறந்தவனுக்கு அதை மலை என்று சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான். உச்சியை நெருங்கும் இடத்தில் ஒரு குகை, குகைக்குள் சாந்தா ரோசாலியாவின் கோயில். பிரபு வீட்டில் பிறந்து, கல்யாணம் வேண்டாமென்று மலைக்குகையில் தவமிருந்து 12ஆம் நூற்றாண்டில் இறந்த பெண் என்பது மரபு. நகரம் அவளை மறந்துவிட்டது. 1624இல் கப்பல் வழியாகக் கொள்ளைநோய் வந்தபோது அவளுடைய எலும்புகள் இந்தக் குகையில் கிடைத்தன. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோன பிறகு நோய் நின்றது என்று நம்பினார்கள். அதுவரை நகரைக் காத்துவந்த புனிதர்களை எல்லாம் தள்ளி வைத்து ரோசாலியாவை நகரின் காவல் புனிதையாக ஏற்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 இரவு பெரிய தேரோட்டம். 2024இல் அதற்கு 400ஆவது ஆண்டு கொண்டாடினார்கள். அம்மை நோய்க்கும் கண்ணோய்க்கும் வீரபாண்டி கௌமாரியம்மனிடம் நேர்ந்துகொண்டு, சித்திரையில் தீச்சட்டி எடுக்கும் ஜனங்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை.

இப்போது அந்த மலைக்கு ஞாயிறுதோறும் ஏறுகிறவர்களில் தமிழர்கள் நிறைய. கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும். பழைய கல்பாவிய நடைபாதையில் நான் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்தில், சேலைக்கு மேல் குளிர் அங்கி போட்ட ஒரு அம்மா என்னைக் கடந்து போய், திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள் இந்தியாவோ தம்பி?"

"ஆமாம்மா. தேனிப் பக்கம், ராயப்பன்பட்டி."

"நாங்கள் மானிப்பாய். இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. களைச்சுப் போனீங்கள் போல. மெதுவா ஏறுங்கோ, அம்மா எங்கயும் போகமாட்டா."

அம்மா என்று அவர் சொன்னது ரோசாலியாவை. மகளின் விசாவுக்கு நேர்ந்திருந்தாராம், கிடைத்துவிட்டது, அதற்காக வெறுங்காலில் ஏறுகிறார். "நீங்க கிறிஸ்தவங்களாம்மா?" என்று கேட்டேன். "நாங்கள் சைவம். வெள்ளிக்கிழமை முருகன், ஞாயிற்றுக்கிழமை இஞ்ச" என்று சொல்லிவிட்டு, பேச்சை வளர்க்காமல் ஏறிப்போனார்.

குகையின் முகப்பில் சாதாரணக் கோயில் சுவர். உள்ளே போனால் பாறைதான் கூரை. பாறையில் ஊறும் நீர் தலையில் சொட்டாமல் இருக்க, வளைந்து வளைந்து ஓடும் உலோகத் தகடுகளைக் கூரையெங்கும் தொங்கவிட்டு, நீரை ஓரமாக வடித்துச் சேர்க்கிறார்கள். கண்ணாடிக்குள் பொன்னாடை போர்த்துப் படுத்திருக்கும் ரோசாலியாவின் பளிங்குச் சிலை. சுவரெங்கும் நேர்ச்சைப் பொருட்கள்: வெள்ளியில் கை, கால், குழந்தை, கப்பல். நம் ஊர் மாதா கோயிலில் எண்ணெய்க் குப்பியும் உப்பு மிளகும் வைக்கிற அதே அவசரம், அதே பேரம். நடக்க முடியாதவர்களுக்கு நகரிலிருந்து பேருந்து உண்டு. ஆனால் நடந்தால்தான் கூட வருகிறவர்கள் பேசுவார்கள்.

பலெர்மோவிலிருந்து மேற்கே திராப்பனி. வழியில் உப்பளங்கள், காற்றாலை வைத்துத் தண்ணீர் இறைத்த பழைய முறை, உப்புக் குவியல்மேல் மழைக்குச் சுட்ட ஓடு வேய்ந்த காட்சி. தூத்துக்குடி பார்த்தவர்கள் மாலை வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். நான் போனது அங்கிருந்து பாந்தெல்லெரியா கப்பல் ஏறத்தான்.

83 சதுர கிலோமீட்டர்தான் அந்தத் தீவு. நிர்வாகம் இத்தாலியுடையது, தூரத்தில் சிசிலியைவிட ஆப்பிரிக்கக் கரை அருகில். எரிமலைக் கற்களால் ஆன கறுப்புத் தீவு. மணல் கடற்கரை தேடி வருகிறவர்கள் முதல் நாளே முகம் சுளிப்பார்கள். நீந்தவேண்டுமானால் பாறையிலிருந்து குதிக்க வேண்டும், அல்லது வெந்நீர் ஊற்றும் வெண்சேறும் உள்ள 'வீனஸின் கண்ணாடி' என்ற ஏரிக்குப் போகவேண்டும். காற்று பலமாக அடித்தால் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. கூடுதலாக இரண்டொரு நாள் கையில் வைத்துக்கொள்ளாமல் இங்கே வரக்கூடாது.

அந்தக் காற்றுதான் இந்தத் தீவின் கதையே. ஆனி ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றுக்கு வாழை சாய்வதைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஆண்டு முழுக்க ஏதாவதொரு திசையிலிருந்து அடிக்கிறது. ஆறு கிடையாது, மழையும் குறைவு. பந்தல் போட்டால் ஒரே நாளில் பறந்துவிடும். ஆகவே இவர்கள் கொடியை மேலே ஏற்றுவதற்குப் பதில் கீழே இறக்கிவிட்டார்கள். சாய்வான மலையில் கல் அடுக்கிப் படிநிலங்கள். ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக ஒரு சிறு குழி. குழிக்குள் கட்டையாக நிற்கும் தண்டு. கவாத்தில் விடும் சில கிளைகள் தரையோடு தரையாகப் படரும். காற்று குழிக்கு மேலே போய்விடும். இரவில் இறங்கும் பனி குழிக்குள் தங்கும். அந்த ஈரம்தான் பாசனம். 2014இல் யுனெஸ்கோ இந்தச் சாகுபடி முறையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கட்டடத்துக்கும் கூத்துக்கும் கிடைக்கிற மரியாதை கவாத்துக் கத்திக்கும் கிடைத்ததில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

ஆகஸ்டில் அறுவடை. குனிந்து, ஏறக்குறைய மண்டியிட்டுத்தான் குலை வெட்டவேண்டும். இயந்திரம் நுழைய வழியில்லை. வெட்டிய குலைகளில் ஒரு பகுதியை வெயிலில் காயப்போட்டு, அதைப் புதுச் சாற்றோடு சேர்த்து 'பசீத்தோ' என்ற இனிப்பு ஒயின் செய்கிறார்கள். நான் ஒயின் ரசிகன் இல்லை; பழத்தைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நிறம் பச்சையும் மஞ்சளும் கலந்தது, தோல் கெட்டி, உள்ளே கொட்டை. கண்ணை மூடிக்கொண்டு மென்றால் உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் பைக்குள் போட்டுத் தருவார்களே, அந்த வாசம். இனிப்பு மட்டும் இங்கே கூடுதல். தண்ணீர் காணாத கொடி, பழத்தில் சர்க்கரையைத்தான் சேர்த்துவைக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு உடம்பு பெரிது, சாறு நிறைய, இனிப்பு கொஞ்சம் நிதானம்.

பாந்தெல்லெரியாவில் பார்த்தே ஆகவேண்டியது இன்னொன்று உண்டு. ஒற்றை எலுமிச்சை அல்லது ஆரஞ்சு மரத்துக்காக, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலே வட்டமாகக் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய சுவர். கூரை இல்லை, சிறிய வாசல் ஒன்றுதான். உள்ளே போனால் காற்று நின்றுவிடுகிறது. கல் பகலில் சூடாகி இரவில் குளிர, அதில் படியும் பனி மரத்தடிக்கு இறங்குகிறது. ஒரு மரத்துக்கு ஒரு கோட்டை. இதை இவர்கள் தோட்டம் என்கிறார்கள். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லை என்றால் எலுமிச்சை வேண்டுமே, அதற்காக இவ்வளவு பாடு. வீடுகளின் கூரையும் குவிந்த வடிவம்; மழை எங்கே விழுந்தாலும் கீழே உள்ள தொட்டிக்கு வந்து சேரும்படி கட்டியிருக்கிறார்கள்.

திரும்ப சிசிலிக்கு வந்து தெற்கே அக்ரிஜெந்தோ. கோயில்களின் பள்ளத்தாக்கு என்று பெயர், உண்மையில் அது ஒரு மேட்டு வரப்பு. கிரேக்கர்கள் கட்டிய கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் கொன்கோர்தியா கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டினது, கூரை போனதைத் தவிர ஏறக்குறைய முழுதாக நிற்கிறது. காரணம், கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தேவாலயமாக மாற்றிக்கொண்டார்கள். புழக்கத்தில் இருந்த கோயில் பிழைத்தது, மற்றவை கல்லுக்காக உடைக்கப்பட்டன. எல்லோரும் இங்கே படம் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது அதற்குக் கீழே, பாறைப் பிளவுக்குள் இருக்கும் கொலிம்பெத்ரா தோட்டத்தை.

கி.மு. 480இல் ஹிமெரா போரில் தோற்ற கார்த்தேஜியர்களைக் கைதிகளாகக் கொண்டுவந்து, பாறையைக் குடைந்து நகருக்குத் தண்ணீர் வழிகள் வெட்டினார்கள். அவை வந்து சேர்ந்த இடத்தில் பெரிய குளம். பிறகு குளம் தூர்ந்து தோட்டமாயிற்று. 2,500 ஆண்டுக்கு முன் குடைந்த சுரங்கத்திலிருந்து இன்றும் தண்ணீர் கசிந்து வருகிறது. அதைத் தொட்டியில் தேக்கி, வாய்க்காலில் விட்டு, ஒவ்வொரு ஆரஞ்சு மரத்தடியிலும் பாத்தி கட்டி, மண்வெட்டியால் மடை திறந்தும் அடைத்தும் பாய்ச்சுகிற முறை அரபுகள் தந்தது. மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பென்னிகுக்குக்குப் பொங்கல் அன்று பொங்கலிட்டுக் கும்பிடும் ஊர்க்காரன் நான். 1895இல் திறந்த அந்த முல்லைப் பெரியாறு அணை இல்லாவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் பாதி இல்லை. கோயில் தூண்களைவிட இந்த மடைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒரு மடையை மண் தள்ளி அடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்த விதத்தில் எங்கள் வயல்காரர்கள் யாரும் குறை கண்டுபிடித்திருக்க முடியாது. 2024 கோடையில் இதே அக்ரிஜெந்தோ வறட்சியால் குடிநீருக்கு முறை வைத்துத் திண்டாடியது.

அங்கிருந்து உள்நாட்டில், ஒரு மணி நேரத்துக்குள், கனிகாத்தி. எந்தச் சுற்றுலாக் கையேடும் இங்கே போகச் சொல்லாது. பார்க்க ஒன்றுமில்லை, பந்தல்தான் இருக்கிறது. ஆனால் என்ன பந்தல்! குன்றுக்குக் குன்று கம்பி, அதன்மேல் பிளாஸ்டிக் போர்வை. பழம் பழுத்த பிறகும் உடனே வெட்டாமல், மழை படாமல் மூடிவைத்து, டிசம்பர் வரை கொடியிலேயே நிறுத்தி, கிறிஸ்துமஸ் சந்தைக்கு விடுகிறார்கள். பொன்னிற இத்தாலியா குலைகள், ஒவ்வொரு பழமும் பெருவிரல் பருமன். இதற்கும் ஐரோப்பாவில் புவிசார் குறியீடு உண்டு, 1997இலேயே வாங்கிவிட்டார்கள்.

பந்தலுக்குள் விட்ட விவசாயிக்கு இத்தாலியன் தவிர வேறு மொழி தெரியாது. எனக்கு அது தெரியாது. கைப்பேசியின் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். கவாத்து, செவட்டை நோய், மருந்து, கூலி ஆள் கிடைக்காதது, வியாபாரி விலை குறைப்பது என்று எல்லாம் உடனே ஒத்துப்போயின. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் நம்ப மறுத்தார். எங்கள் ஊரில் எந்த மாதம் வேண்டுமானாலும் கவாத்து வெட்டலாம், வெட்டி நான்கு மாதத்தில் பழம், ஒரு தோட்டத்தில் பூ இருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் அறுவடை நடக்கும் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்படியானால் உங்கள் கொடி எப்போது தூங்கும்?" இங்கே குளிர்காலத்தில் இலை உதிர்த்து மாதக்கணக்கில் உறங்கி எழுந்தால்தான் கொடி காய்க்கும். எங்கள் ஊரில் அந்தக் குளிர் இல்லை. கவாத்துக் கத்திதான் கொடியை உலுக்கி எழுப்புகிறது. இதைக் கைப்பேசி எப்படி மொழிபெயர்த்ததோ, அவர் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, ஒரு பெட்டி பழத்தை நீட்டினார்.

கிழக்கே போகும் வழியில் பியாத்சா அர்மெரினா என்ற ஊருக்கு வெளியே ஒரு ரோமானியச் செல்வந்தரின் மாளிகை. கி.பி. 4ஆம் நூற்றாண்டு. மண்சரிவில் புதைந்து கிடந்ததால் 3,500 சதுர மீட்டர் தரையோவியம் தப்பியது. நீச்சலுடை போன்ற உடையில் பந்தாடும் பெண்களைப் பார்க்கத்தான் கூட்டம். நீங்கள் நீண்ட தாழ்வாரத்து வேட்டைக் காட்சியின் தென் கோடிக்குப் போங்கள். கையில் தந்தம் ஏந்திய கருநிறப் பெண், ஒரு பக்கம் யானை, மறுபக்கம் புலி. இது இந்தியாவைக் குறிப்பது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள், ஆப்பிரிக்கா என்பவர்களும் உண்டு. புலி இருப்பதால் நான் முதல் கட்சி. குமுளி மலைகளுக்கு அப்பால் விளைந்த மிளகுக்காக ரோமாபுரி பொற்காசுகளைக் கொட்டிக்கொண்டிருந்த காலம் தொடங்கிச் சில நூற்றாண்டுகள் கழித்து வரைந்தது. நம்மைப் பற்றி அவர்கள் மனத்தில் இருந்த படம் இதுவாகத்தான் இருக்கும்.

சிராகூசாவில் ஒர்த்தீஜியா என்ற பழைய நகர்ப்பகுதியில் பேராலயத்தின் வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். அதில் புதைந்து நிற்பவை அதீனா கோயிலின் டோரிக் தூண்கள். கோயிலை இடிக்காமல் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பித் தேவாலயமாக்கியிருக்கிறார்கள். ஆர்க்கிமிடீஸ் வாழ்ந்து, கி.மு. 212இல் ரோமானியப் படைவீரன் கையால் செத்த ஊர். நோத்தோ, மொதிக்கா, ரகூசா ஆகியவை 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டிய தேன்நிற ஊர்கள். ஒன்றைப் பார்த்தால் போதும், மொதிக்காவில் சொரசொரப்பான சாக்லேட்டும் கிடைக்கும் என்பதால் அதையே பாருங்கள்.

கத்தானியாவின் நடுச் சதுக்கத்தில் எரிமலைக் கல்லில் செய்த யானை, முதுகில் எகிப்தியத் தூண் சுமந்து நிற்கிறது. நகரின் சின்னமே அதுதான். பின்னால் எத்னா, சுமார் 3,400 மீட்டர். வெடிக்கும்போதெல்லாம் உயரம் மாறும். கேபிள் காரில் பாதி தூரம் போய், அங்கிருந்து வழிகாட்டியோடு ஏறலாம். எரிமலை அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறதோ, அதிகாரிகள் அதற்கேற்ப எல்லையை ஏற்றி இறக்குவார்கள். தாவோர்மினாவின் கிரேக்க அரங்கிலிருந்து எத்னாவைப் பார்ப்பதுதான் சிசிலியின் தலைசிறந்த காட்சி என்பார்கள். காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, ஊர் முழுவதும் கைப்பை விற்கும் கடையாகிவிட்டது. பட்டியலில் நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

எப்போது போவது? ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசா அருகே 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது, ஐரோப்பாவின் உச்ச வெப்பம் அது. வெயில் நமக்குப் புதிதா என்று கேட்காதீர்கள். திராட்சை அறுவடையும் வேண்டும், வெயிலும் கூடாது என்பவர்களுக்கு செப்டம்பர் ஒத்துவரும். கனிகாத்தி பந்தல்கள் அப்போது நிறைந்திருக்கும். ஷெங்கன் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். தீவுக்குள் ரயில் மெதுவாகத்தான் போகும், பேருந்து பரவாயில்லை. கார் எடுத்தால் பழைய நகர்களுக்குள் நுழையும் முன் தடைப்பலகையைப் பாருங்கள். அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சிபிப்போ கொடியைப் பார்த்ததும் ஒரு தண்டை முறித்து ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்த ஃபில்லோக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது, அடுத்த இருபது ஆண்டுகளில் சிசிலிக்கும் வந்தது. எத்னாவின் மணற்பாங்கான எரிமலை மண்ணில் அதற்கு முந்தைய கொடிகள் சில தப்பி நிற்கின்றன. அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் நடவுத்தண்டு கொண்டுவருவதை நம் நாட்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையும் தடுக்கிறது. பாந்தெல்லெரியாவின் உப்பிட்ட கேப்பர் மொட்டு வாங்கி வாருங்கள், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள மோர்மிளகாய்க்கு ஈடாக நிற்கும். புது ரகம்தான் வேண்டுமென்றால், ஆனைமலையன்பட்டியில் இருக்கும் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேளுங்கள்.